முந்நூறு முறை மடங்கிய முழங்கால்

ஜஹபர் நிஷாவுக்கு இடது புருவத்தில் பாதி இல்லை. பத்து வயதில், உறவுக்காரர் கல்யாண வீட்டில், தம் போட்ட பிரியாணி தேக்சாவுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டதன் பலன் அது. மாவு பூசி அடைத்திருந்த மூடியின் ஓரத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி ஒற்றைக் கண்ணை வைத்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஆவி வந்து அறைந்தது. சமையற்காரர் தலையில் அடித்துக்கொண்டார், பந்தி அரைமணி நேரம் தள்ளிப்போனது. அம்மா முதுகில் நாலு வைத்து, "எதுக்குடி தொறந்த?" என்று கேட்டபோது அழுகைக்கு நடுவில் அவள் சொன்ன பதில், "ஒண்ணுமே தெரியலம்மா, வெறும் ஆவிதான்." அடிபட்டதைவிட ஒன்றும் தெரியாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

இப்போது வயது முப்பத்தெட்டு. புருவமும் முளைக்கவில்லை, புத்தியும் மாறவில்லை. உப்பளம் என்கிற பேட்டையில் வீடு. கணவர் ஹிதாயத்துல்லா பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். "எங்க வீட்ல 'சும்மா'ன்னு மட்டும் பதில் சொல்லக்கூடாது. சொன்னீங்க, தீந்தீங்க. அது என்ன சும்மான்னு ஆரம்பிச்சுடுவா" என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அதில் புகார் பாதி, பெருமை பாதி.

கல்யாணத்துக்குப் பிறகுதான் நிஷா எம்.சி.ஏ. முடித்தாள். பெரிய பையனை மடியில் போட்டுக்கொண்டே படித்தாள். பதினோரு வருடமாக நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணினித் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூனிலும் துறைத்தலைவர் கூப்பிட்டு, "இந்த வருஷமும் நீங்களே பாத்துக்குங்க மேடம்" என்று சொல்லும்வரை வேலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அவள் எடுப்பது கைப்பேசிச் செயலி உருவாக்கும் பாடம். பதினோரு வருடமும் பிள்ளைகள் ஒரே மாதிரி செயலிதான் செய்தார்கள். ஒன்று கால்குலேட்டர், இல்லையென்றால் ஓட்டல் மெனு. தேர்வு முடிந்த மறுநாள் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. யாருக்குமே வேண்டாத ஒன்றைச் செய்வதற்கு எதற்கு ஆறு மாதம்?

சென்ற ஜூலையில் அதற்கு ஒரு வழி பிறந்தது. ஊரின் இன்னொரு மூலையில் இருக்கிற பிசியோதெரபி கல்லூரியோடு சேர்ந்து ஒரு கூட்டுப் பாடம் நடத்தலாம் என்று இரண்டு கல்லூரிகளும் முடிவு செய்தன. இங்கிருந்து பத்துப் பிள்ளைகள், அங்கிருந்து ஆறு பேர். அவர்கள் நோயைச் சொல்ல, இவர்கள் செயலி செய்யவேண்டும். அங்கிருந்து வந்த விரிவுரையாளர் பெயர் கோபிநாத். முழுக்கைச் சட்டை போட்டவர், கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கோணமானி இருக்கும். பேசும்போது நம் முழங்கையை அளந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும், அப்படி ஒரு மனிதர்.

முதல் நாள் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாதிரி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கோபிநாத்தான் பேச்சை ஆரம்பித்தார். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் வீட்டுக்குப் போன பிறகு தினமும் காலை மடக்கி நீட்டவேண்டும், வலிக்கும் என்று பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள், யார் செய்கிறார்கள் யார் விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை என்றார்.

"ஆறு வாரத்துல தொண்ணூறு டிகிரி மடங்கணும் மேடம். மடங்கலன்னா உள்ள ஒட்டிக்கும். அப்புறம் திரும்பவும் மயக்கம் குடுத்து டாக்டர் கையால மடக்கி விடணும்."

"எத்தனை தடவ மடக்குறாங்கன்னு போனே எண்ணிடும் சார்," என்றான் ஆசிப். கணினிப் பிள்ளைகளில் கெட்டிக்காரன் அவன்தான், அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் கஷ்டம். "போன் ஆடினா அதுக்குள்ள இருக்கற சென்சாருக்குத் தெரியும். கால்ல கட்டிட்டா முடிஞ்சுது."

முடிந்துதான் போனது. கெண்டைக்காலில் கட்டிக்கொள்ள எலாஸ்டிக் பட்டை தைத்தார்கள். பையன்கள் ஜீன்ஸ் மேலேயே கட்டிக்கொண்டு ஆய்வகத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினார்கள். எண்ணிக்கை டக்டக்கென்று ஏறியது. ஒரு நாளில் நூறைத் தாண்டினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. டாக்டருக்கு நேரமிருக்காது என்பதால் அவர் பார்க்கிற பக்கத்தில் எண்ணே கிடையாது, வெறும் வண்ணக் கட்டங்கள்தான். நிஷாவே அதைப் பாராட்டினாள். வீட்டுக்கு வீடு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய போன்களைச் சேகரித்து, செயலியைப் போட்டு, செப்டம்பர் கடைசியில் ஐந்து நோயாளிகளிடம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பிசியோதெரபி மாணவி பொறுப்பு.

அந்த ஐவரில் ஒருவர் கொளஞ்சி. ஐம்பத்தாறு வயது. பாகூர்ப் பக்கம் கிராமம், சொந்தமாக அரைக்காணி நிலம், கணவர் இல்லை. நாற்பது வருடம் நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்துபோன முழங்கால். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று நோணாங்குப்பத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அவர் சந்திரகலாவின் பொறுப்பில் வந்தார். சந்திரகலா மூன்றாம் ஆண்டு மாணவி, வாய் ஓயாமல் பேசுகிற பெண்.

கொளஞ்சியின் கட்டங்கள் முதல் வாரத்திலிருந்தே பச்சை. மற்ற நால்வருக்கும் நடுநடுவே சிவப்பு எட்டிப் பார்த்தது, இவருக்கு ஒன்றுகூட இல்லை. "எங்க அம்மாதான் ஃபர்ஸ்ட்டு" என்று சந்திரகலா எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். இவ்வளவு நன்றாகச் செய்கிறவரை எதற்குத் தொந்தரவு செய்யவேண்டும் என்று வாரத்துக்கு இரண்டு முறை நேரில் போய்க்கொண்டிருந்ததையும் நிறுத்திக்கொண்டாள்.

தீபாவளி முடிந்த வாரம், நல்ல மழை. ஆய்வகத்தில் நிஷா பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது சந்திரகலா சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள். நனைந்ததில் பாதி மழை இல்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"மேடம், கொளஞ்சியம்மாவுக்கு இன்னைக்கு செக்கப். அறுபத்தஞ்சு டிகிரிதான் மேடம் மடங்குது."

"நிஜமாவா? எல்லாம் பச்சையா இருந்துச்சே?"

"அதத்தான் டாக்டரும் சொன்னாரு. இவ்ளோ பண்ணியும் மடங்கலன்னா உள்ள நல்லா ஒட்டிப்போச்சு, இனிமே எக்சர்சைஸ்ல வேலைக்காவாது, மயக்கம் குடுத்துதான் மடக்கணும்னுட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காரு, அன்னைக்கே அட்மிஷன். அவங்க என் கையப் புடிச்சிக்கினு விடவே மாட்றாங்க. அவங்க ஓர்ப்படி, கொழுந்தன் பொண்டாட்டி ஒருத்தங்க, மயக்க ஊசி போட்டு எழுந்திரிக்கவே இல்லையாம். முதல் ஆபரேஷனுக்கே சாமியெல்லாம் வேண்டிக்கிட்டு படுத்தாங்களாம். 'இன்னொரு தரம் என்னைப் படுக்க வச்சுடாத பாப்பா'ன்னு அழுவுறாங்க மேடம்."

பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆசிப் மட்டும், "டேட்டா கரெக்டாத்தான் மேடம் இருக்கு. அவங்க உடம்பு அப்படி போல," என்றான். நிஷா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பாதிப் புருவத்தோடு அவள் பார்க்கிற பார்வைக்கு அந்தக் கல்லூரியில் பயப்படாதவர்கள் கிடையாது.

"வண்ணத்த எடுடா. எனக்கு நம்பரு வேணும்."

எண்கள் திரையில் வந்தன. அக்டோபர் முழுக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய முந்நூறு. இருநூற்றுத் தொண்ணூறு, முந்நூற்றுப் பத்து, முந்நூற்று ஐந்து. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஆயிரத்து எண்ணூறு. அதற்கடுத்த நாள் இரண்டாயிரத்து அறுநூறு. தீபாவளிக்கு முதல் நாள் மூவாயிரத்து நூறு. தீபாவளியன்று ஒன்றுமில்லை. அடுத்த இரண்டு நாளும் ஒன்றுமில்லை. பண்டிகை விடுமுறை என்று அந்த மூன்று நாளுக்கும் இவர்கள் கட்டமே போடவில்லை, அதனால் சிவப்பும் விழவில்லை. பிறகு மறுபடியும் சமர்த்தாக முந்நூறு.

"அடேங்கப்பா!" என்றாள் நிஷா. "தீபாவளிக்கு ஏன்டா முழங்கால் மடங்குது?"

அந்தக் கேள்வி அந்த வாரம் முழுக்க இரண்டு கல்லூரியிலும் சுற்றியது. ஆசிப் தன் நிரலில்தான் பிழை என்று முடிவுகட்டி இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான், ஒன்றும் அகப்படவில்லை. கோபிநாத் முழங்கையை மேசையில் ஊன்றி யோசித்துவிட்டு, "பலகாரம் செய்ய மாவு இடிச்சிருப்பாங்களோ?" என்றார். உரலில் இடிப்பதற்கு முழங்கால் எதற்கு என்று நிஷா கேட்டதும் அவர் கோணமானியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒருத்தி பட்டாசு அதிர்ச்சி என்றாள். பட்டாசு வெடித்த நாளில்தானே ஒன்றுமே இல்லை! நிஷா எண்களை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். அங்கே இன்னும் வேடிக்கை. பத்துப் பதினைந்து மடக்கல் மளமளவென்று வரும், சட்டென்று நிற்கும், கொஞ்சம் இடைவெளி, மறுபடி பத்துப் பதினைந்து. முழங்காலில் தையல் போட்டு ஆறு வாரமே ஆன ஒரு பெண்மணி, ஒரு விநாடிக்கு இரண்டு முறை காலை மடக்கி நீட்டியிருக்கிறார். நிஷா நாற்காலியில் உட்கார்ந்து அந்த வேகத்தில் தானே செய்து பார்த்தாள். நல்ல காலோடு இருக்கிற அவளுக்கே இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது.

வீட்டிலும் அதே நினைப்புதான். குழம்பு அடிபிடித்தது. "போன் போட்டுக் கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் ஹிதாயத்துல்லா.

"கேட்டா 'பண்ணிக்கினுதாம்மா இருக்கேன்'னு சொல்லுவாங்க. எனக்கு கண்ணால பாக்கணுங்க."

"புருவம் ஒண்ணுதான் பாக்கி இருக்கு, பாத்து," என்றார் அவர்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சந்திரகலாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நிஷா ஸ்கூட்டியைக் கடலூர் சாலையில் விட்டாள். அரியாங்குப்பம் தாண்டி, போட் ஹவுஸுக்குப் போகிற சுற்றுலாக்காரர்களின் கார்களுக்குள் புகுந்து, நோணாங்குப்பத்தில் ஒரு சந்துக்குள் திரும்பினார்கள். கூடம் ஒன்று, அடுப்படி ஒன்று, அவ்வளவுதான் வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம்.

கொளஞ்சி சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கால் தரையில் ஆடாமல் அசையாமல் இருந்தது. எதிர்ப்புறம் மகள் பாக்கியலட்சுமி தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் பாதத்துக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்த மெஷின் மிதியில், எலாஸ்டிக் பட்டையைச் சுற்றி, ஊக்குக் குத்தி, அவ்வளவு பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தது நம் போன்.

நிஷா வாசலிலேயே நின்றுவிட்டாள். தீபாவளி, ரவிக்கை, தையல்காரிக்கு ஓய்வில்லாத ஐந்து நாள், பண்டிகையன்று மெஷினுக்கு விடுமுறை. எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற சந்திரகலாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா?" என்று சந்திரகலா கத்திவிட்டாள். "ஏம்மா இப்பிடி பண்ணீங்க?"

கொளஞ்சி கீரையைக் கீழே வைத்தார். திருடிவிட்டு அகப்பட்டவர் போலக் குனிந்துகொண்டார். பாக்கியலட்சுமிதான் பதில் சொன்னாள்.

"நாந்தாங்க கட்டினேன். மொத நாளு நீங்கதானே சொன்னீங்க, தினம் பண்ணலன்னா செவப்பு வரும், எனக்கு மார்க்கு போயிடும்னு. பாவம், நம்மால அந்தப் பொண்ணு படிப்பு கெட்டுடப் போவுதுன்னு அம்மா தூங்கவே இல்ல. ஒரு ரவிக்கை தைக்கிற நேரம் கட்டிட்டு அவுத்துடுவோம். தீபாவளி நெருக்கத்துல அவுக்க மறந்துட்டேன்."

சந்திரகலா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை. அவளுக்கு அது நினைவுகூட இல்லை.

நிஷா கொளஞ்சிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "மார்க்கு விஷயம் இருக்கட்டும்மா. காலை மடக்க என்ன கஷ்டம்? வலியா?"

"வலி கெடக்குது டீச்சரம்மா, வயல்ல பாக்காத வலியா?" என்றார் கொளஞ்சி. மறுபடி கீரையைக் கையில் எடுத்தார். நிஷா விடவில்லை, "அப்புறம் என்ன?" என்று கேட்டுக்கொண்டு அங்கேயே சம்மணம் போட்டாள்.

பதில் வாசல் வழியாக வந்தது. மருமகன் வடிவேல், போட் ஹவுஸில் படகு ஓட்டுகிறவர், மதியத்துக்கு முன்னால் ஒரு வாய் காப்பி குடிக்க வந்தார். அவர் நிழல் தெரிந்ததுதான் தாமதம், கொளஞ்சி நாற்காலிக் கையைப் பிடித்து, விறைத்த காலை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். புடவையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கமாக ஒதுங்கினார். "உக்காருங்க அத்த, உக்காருங்க," என்று பாவம் வடிவேலே பதறினார். அவர் காப்பியைக் குடித்துவிட்டு வெளியே போகும்வரை அந்த அம்மாள் உட்காரவில்லை.

"பாத்தீங்கல்ல," என்றாள் பாக்கியலட்சுமி மெதுவாக. "அவரு நாளைக்கு நாலு தரம் வருவாரு போவாரு. துணி தைக்கக் குடுக்க ஊருசனம் வரும். கதவ சாத்தினா மெஷினுக்கு வெளிச்சம் இல்ல. முழங்கால் வரைக்கும் பொடவையத் தூக்கிப் பட்டையக் கட்டிக்கினு, மருமவன் வர்ற வழியில அம்மா எங்கருந்து கால நீட்டி மடக்குறது?"

நிஷாவுக்குச் சுருக்கென்றது. தலையில் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறவள் அவள். மாமனார் எதிரில் பதினாறு வருடமாகக் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. பட்டையைக் கட்டிப் பார்த்ததெல்லாம் ஜீன்ஸ் போட்ட பையன்கள். தான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைத் தன் காலில் கட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஊரையெல்லாம் ஏன் ஏன் என்று குடைகிறவளுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"தப்பு உங்க மேல இல்லம்மா, எங்க மேலதான்," என்றாள். மெஷினையும் மெஷின்மேல் கிடந்த துணியையும் ஒரு நிமிடம் பார்த்தாள். "ஏம்மா பாக்கியலட்சுமி, சுடிதார் பேன்ட்டு தைப்பியா?"

"தைப்பேனே. எதுக்கு?"

"லூசா ஒண்ணு. உங்கம்மா பொடவைக்குள்ள போடற மாதிரி. கெண்டைக்கால் பக்கம் ஒரு பாக்கெட்டு, போன் உள்ள போவணும், ஆடக்கூடாது."

கொளஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. "நானு பேன்ட்டா! ஊர்ல தெரிஞ்சா மானம் போயிடும் டீச்சரம்மா!"

"உள்ள போட்டுக்கினா யாருக்குத் தெரியும்?" என்றாள் மகள். அப்போதே அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை அந்தப் பைஜாமா ஆய்வக மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பூப்போட்ட பருத்தித் துணி. ஆசிப் அதன் பாக்கெட்டுக்குள் போனைப் போட்டு, எடுத்து, திருப்பி, அளந்து, துணிக்குள் போன் எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அதற்கேற்ப நிரலைத் திருத்தினான். கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் அடங்கியிருந்தது. "மெஷின் மிதியையும் முழங்காலையும் வித்தியாசம் தெரியாம எண்ணியிருக்கு மேடம்," என்றான், யாரும் கேட்காமலே. கோபிநாத் அதை உடனே விட்டுவிடவில்லை. "அதுக்குத்தான் தம்பி, நாங்க தொட்டுப் பாக்குறது," என்று அவன் முழங்காலைத் தட்டினார். வண்ணங்களை எடுத்துவிடவேண்டும் என்று சொன்னது சந்திரகலா. நேற்று எத்தனை, இன்று எத்தனை, அது மட்டும் இருந்தால் போதும் என்றாள்.

பைஜாமா போட்ட முதல் நாள் எண்ணிக்கை பதினொன்று.

முந்நூறிலிருந்து பதினொன்று. ஆய்வகத்தில் ஒருத்தன் கைதட்டினான், பிறகு எல்லோரும் தட்டினார்கள். நிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கணினியில் ஏதோ தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் பதினான்கு. அதற்கடுத்த நாள் வலி அதிகமாகி ஒன்பது. சந்திரகலா தினமும் சாயங்காலம் நோணாங்குப்பத்துக்குப் போனாள், மறந்தும் மார்க் பேச்சு எடுக்கவில்லை. இருபது. முப்பத்தொன்று. அடுத்த சனிக்கிழமை நாற்பத்திரண்டு. புடவையை ஒரு சாண் தூக்கிக்கொண்டு கொளஞ்சி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து மடக்கினாராம், மருமகன் குறுக்கே போனபோதுகூட நிறுத்தவில்லையாம். "பேன்ட்டு இருக்குதுல்ல," என்றாராம்.

ஆனால் காலக்கெடு நெருங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் தொண்ணூறு வருமா? கோபிநாத்தைக் கேட்டால் அவர் கோணமானியைத் திறந்து மூடித் திறந்து மூடினார்.

அந்த நாள் நிஷாவும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு அங்கே வேலையே இல்லை, வகுப்பை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கொளஞ்சி அட்மிஷன் பையோடுதான் வந்திருந்தார், மகள் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. மாற்றுப் புடவை, தட்டு, டம்ளர், சாமி படம் ஒன்று. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவர் கை நிஷாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் படுக்க வைத்து, காலை மடக்கி, அளந்தார். "எண்பத்திநாலு," என்றார்.

தொண்ணூறு இல்லை. கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் பேனாவை எடுத்தார். "தேறியிருக்கு. ஆனா போன தடவையே தினம் முந்நூறு பண்ணியும் ஒட்டிப்போன கால் இது. லேட் பண்ணா ரிஸ்க். அட்மிட் ஆயிடட்டும்."

"சார், அந்த முந்நூறு இவங்களோடது இல்ல சார்," என்றாள் சந்திரகலா. "அது தையல் மெஷினோடது. என்னாலதான் சார். நான் சொன்ன ஒரு பேச்சால. இவங்க போன தடவ வரைக்கும் காலை மடக்கவே இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபம் வந்திருக்கவேண்டும், முகம் சிவந்தது. சந்திரகலா போனை நீட்டினாள். பதினொன்று, பதினான்கு, ஒன்பது, இருபது, முப்பத்தொன்று. வரிசையாகக் கடைசி நாள் வரைக்கும் வந்து அறுபத்தெட்டில் நின்றது. அவர் அதை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார்.

"இது நிஜம்தானா? இல்ல இதுவும் ஏதாவது மெஷினா?"

"கூட இருந்து நானே எண்ணினேன் சார்."

"இப்பதான் மடக்கவே ஆரம்பிச்சிருக்காங்க," என்றார் டாக்டர், தனக்குத்தானே சொல்வதுபோல. "ரெண்டு வாரத்துல பத்தொம்போது டிகிரி ஏறியிருக்கு. அப்ப ஒட்டல. மயக்கம் வேணாம். இப்பிடியே பண்ணிட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க." எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். நிஷாவைப் பார்த்து, "அந்தப் பச்சைக் கலரையெல்லாம் இனிமே எங்கிட்ட காட்டாதீங்க," என்றும் சொன்னார். நிஷா தலையை ஆட்டினாள். அவர் திட்டியது அவளுக்கு இனிப்பாக இருந்தது.

கொளஞ்சிக்குச் சேதி புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "ஊசி இல்லியா?" என்று மூன்று தடவை கேட்டார். அதன்பிறகு தாழ்வாரத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழுதார். போகிறவர்கள் வருகிறவர்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். சந்திரகலாவும் அழுதாள். நிஷா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும், போதும், வெளிய வாங்க," என்று அதட்டினாள்.

வாசலில் ஆட்டோ பிடிக்கலாம் என்றாள். கொளஞ்சி கேட்கவில்லை, டவுன் பஸ்ஸே போதும் என்றார். நோணாங்குப்பம் பஸ் வந்து நின்றது. முதல் படி முழங்கால் உயரம். கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்று விசில் ஊத, சந்திரகலா பையை வாங்கிக்கொண்டு, "நல்ல காலு மொதல்லம்மா, நல்ல காலத் தூக்கி வைங்க," என்று கையைப் பிடிக்கப் போனாள்.

கொளஞ்சி அவள் கையைத் தள்ளிவிட்டார். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலையே தூக்கினார். முகம் கோணியது. முழங்கால் மடங்கியது, இன்னும் கொஞ்சம் மடங்கியது, பாதம் படியில் போய் உட்கார்ந்தது. ஒரு எம்பு எம்பி ஏறிவிட்டார்.

"ஐயோ, சொன்ன பேச்சு கேக்கறாங்களா பாருங்க மேடம்!" என்று சந்திரகலா தலையில் அடித்துக்கொண்டு, பையைத் தூக்கி உள்ளே கொடுத்தாள்.

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கொளஞ்சி வெளியே தலையை நீட்டினார். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, வாயெல்லாம் சிரிப்பு.

"போனு பையில கெடக்குது பாப்பா, இத அது எண்ணியிருக்காது," என்றார். "நீயே ஒண்ணுன்னு சேத்து எழுதிக்கோ."

பஸ் கிளம்பியது. சந்திரகலா கைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.